அலாஸ்கா செனட்டரின் 2017: காப்பீட்டுக்கு ஒரு வாக்கு, எண்ணெய்க்கு ஒரு வாக்கு

2017 ஜூலை 28 அதிகாலையில், ஒபாமாகேர் என்று எல்லோரும் சொல்லும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் கலைக்க வந்த மசோதா அமெரிக்க செனட்டில் 49-51 என்ற கணக்கில் தோற்றது. ஆளும் குடியரசுக் கட்சியில் மூன்று பேர் எதிர்த்து வாக்களித்ததுதான் காரணம். அந்த மூவரில் ஒருவர் அலாஸ்காவின் மூத்த செனட்டர். அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று, அதே சட்டத்தின் கட்டாயக் காப்பீட்டு அபராதத்தை (காப்பீடு வாங்காதவர்கள் கட்ட வேண்டிய தொகை) ஒழித்த மசோதாவுக்கு அவர் ஆதரவாக வாக்களித்தார். அந்த மசோதாவுக்குள் அலாஸ்காவின் வடகோடியில் எண்ணெய் எடுக்க அனுமதியும் இருந்தது. மசோதாவின் அந்த எண்ணெய்ப் பகுதி, அவர் தலைமை வகித்த எரிசக்திக் குழுவிலிருந்து வந்தது.

"விலைபோய்விட்டார்" என்று ஒரு தரப்பும் "மாநிலத்துக்குச் சாதித்துக் கொடுத்தார்" என்று இன்னொரு தரப்பும் பேசி முடித்துவிட்டன. இரண்டுமே அவசர முடிவுகள் என்பது என் கருத்து. எரிசக்தி ஒழுங்குமுறை, மருத்துவக் காப்பீடு என்ற இரண்டிலும் அவருக்கு நீண்டகாலக் கருத்துகள் உண்டு. அவை தனித்தனியாக வந்தபோது என்ன நடந்தது, ஒரே மசோதாவில் கட்டப்பட்டு வந்தபோது என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பதிவு செய்கிறேன். ஆட்களைப் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி: இந்த செனட்டர் யார்

2002-இல், ஆளுநராகியிருந்த தன் தந்தையாலேயே செனட்டுக்கு நியமிக்கப்பட்டவர். 2010-இல் சொந்தக் கட்சியின் உட்தேர்தலில் தோற்றார். வாக்குச்சீட்டில் பெயர் இல்லாத நிலையில், வாக்காளர்கள் கையாலேயே பெயர் எழுதும் முறையில் நின்று ஜெயித்தார். செனட் தேர்தலில் அப்படி ஒருவர் ஜெயித்தது 1954-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. எழுத்துக்கூட்டச் சிரமமான பெயர் என்பதால், பெயர் அச்சிட்ட ரப்பர் கைப்பட்டைகளைப் பிரசாரத்தில் கொடுத்தார்கள். எழுத்துப்பிழை உள்ள சீட்டுகளை எண்ணக் கூடாது என்று எதிர் வேட்பாளர் நீதிமன்றம் போனார், பலிக்கவில்லை.

கட்சிச் சீட்டு இல்லாமலே வந்த அனுபவம் அவருக்கு இருந்தது என்பதுதான் இதில் முக்கியம். 2016-இல் மறுபடி ஜெயித்துவிட்டதால் 2022 வரை தேர்தலும் இல்லை. நம் நாட்டில் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போகலாம். அமெரிக்க செனட்டில் அந்தச் சட்டம் கிடையாது. கட்சி கோபப்படலாம், அடுத்த தேர்தலில் ஆள் நிறுத்தலாம், பதவியைப் பறிக்க முடியாது. இதை மனதில் வைத்தால்தான் அவர் முடிவுகள் புரியும்.

பின்னணி: எண்ணெய்

அன்று அலாஸ்கா அரசின் வருமானம் பெரும்பாலும் எண்ணெயை நம்பியிருந்தது. வடக்குக் கரையிலிருந்து தெற்கே துறைமுகம் வரை சுமார் 1,290 கிலோமீட்டர் நீளும் குழாய் 1977-இல் ஓடத் தொடங்கியது. 1988-இல் நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாய் வரை போனது. 2017-இல் அது 5 லட்சத்துச் சொச்சமாகிவிட்டது. அளவு குறைந்தால் வருமானம் மட்டுமல்ல, குழாயும் சிக்கலுக்குள்ளாகும். குறைவான எண்ணெய் மெதுவாக நகரும், வழியிலேயே குளிர்ந்துபோகும், மெழுகு படியும், கலந்திருக்கும் நீர் உறையும். 2014-இல் எண்ணெய் விலை சரிந்ததிலிருந்து மாநில பட்ஜெட்டில் பெரிய ஓட்டை வேறு.

வடகிழக்கு மூலையில் ஆர்க்டிக் தேசியக் காட்டுயிர்ப் புகலிடம் இருக்கிறது. 1980 சட்டத்தில் அதன் கடலோரச் சமவெளி, சுமார் 15 லட்சம் ஏக்கர், தனியாகக் குறிக்கப்பட்டது: அங்கே எண்ணெய் எடுக்க வேண்டுமானால் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அனுமதிக்க வேண்டும். 1995-இல் காங்கிரஸ் அனுமதித்தும் அதிபர் ரத்து செய்தார். 2005-இல் செனட்டிலேயே நின்றுபோனது. அலாஸ்காவின் கட்சி வேறுபாடில்லாத நெடுங்காலக் கோரிக்கை இது. ஆனால் அலாஸ்கா முழுக்க ஒரே குரல் என்று சொல்லிவிட முடியாது. சமவெளிக்குள் இருக்கும் காக்டோவிக் ஊரின் இனுபியாட் மக்களில் பலர் ஆதரித்தார்கள். தெற்கே வாழும் குவிச்சின் மக்கள் உறுதியாக எதிர்த்தார்கள். அவர்களுக்கு உணவும் வாழ்வும் தரும் கரிபு மான் கூட்டம் குட்டி ஈனுவது அந்தச் சமவெளியில்தான்.

செனட்டரின் எரிசக்திக் கருத்தை ஒரு வரியில் சொன்னால்: விதியைக் காங்கிரஸ் எழுத வேண்டும், துறை அதிகாரிகள் எழுதக் கூடாது. 2010 ஜூனில் புவியைச் சூடாக்கும் வாயுக்களைச் சுற்றுச்சூழல் முகமை கட்டுப்படுத்துவதைத் தடுக்கத் தீர்மானம் கொண்டுவந்து 47-53 என்று தோற்றவர் அவர். அதேசமயம் அலாஸ்காவில் நிலம் உருகுவதையும் கரை அரிப்பதையும் மறுப்பவர் அல்ல. 2015-இல் எரிசக்திக் குழுவின் தலைவரானார். அந்த ஆண்டு இறுதியில், 40 ஆண்டுகளாக இருந்த கச்சா எண்ணெய் ஏற்றுமதித் தடை நீங்கியது. அதற்காக முன்னின்று வாதிட்டவர் அவர். அது எப்படி நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்: பெரிய செலவின மசோதாவுக்குள், காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் வரிச்சலுகை நீட்டிப்பதோடு சேர்த்துக் கட்டி நிறைவேறியது. கொடுத்து வாங்கும் இந்தப் பழக்கம் 2017-இல் திடீரென்று வந்ததல்ல.

பின்னணி: காப்பீடு

2009-இல் ஒபாமாகேர் மசோதாவை எதிர்த்து வாக்களித்தவர் அவர். 2015-இல் அதை நீக்கும் மசோதாவையும் ஆதரித்தார். அதிபர் ரத்து செய்வார் என்று எல்லோருக்கும் தெரிந்த காலம் அது. 2017-இல் அந்தப் பாதுகாப்பு இல்லை. போடும் வாக்கு நிஜமாகவே சட்டமாகிவிடும்.

இதற்கிடையே அலாஸ்காவில் நிலைமை மாறியிருந்தது. 2015 செப்டம்பரில் ஆளுநர், சட்டமன்றத்தின் எதிர்ப்பை மீறி, ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தை விரிவாக்கினார். 2017 நடுவில் அதில் 30,000 பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே ஏழரை லட்சத்துக்குள்தான். தனியாகக் காப்பீடு வாங்குவோருக்கு ஒரே ஒரு நிறுவனம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஆங்கரேஜ் நகரில் 40 வயதுக்காரர் ஒருவருக்கு நடுத்தரத் திட்டத்தின் பிரீமியம், மானியத்துக்கு முன், மாதம் சுமார் 900 டாலர். பல சிற்றூர்களுக்குச் சாலையே கிடையாது. கொஞ்சம் தீவிரமான நோய் என்றால் சிறிய விமானத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தச் செலவெல்லாம் பிரீமியத்தில்தான் வந்து விழும்.

மாநில அரசு 2016-இல் செய்த ஒரு காரியத்தை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும், இந்த நிகழ்வில் அதிகம் பேசப்படாதது அதுதான். 5.5 கோடி டாலர் ஒதுக்கி மறுகாப்பீட்டு நிதி ஒன்றை அமைத்தார்கள். அதிகச் செலவு பிடிக்கும் 33 நோய்களைப் பட்டியலிட்டு, அந்த நோயாளிகளின் சிகிச்சைத் தொகையை நிறுவனம் அந்த நிதிக்கு மாற்றிவிட ஏற்பாடு செய்தார்கள். நோயாளிக்கு இது தெரியக்கூடத் தெரியாது. அவர் அட்டை அதே, மருத்துவர் அதே. ஆனால் மற்றவர்களுக்கான பிரீமியம் கணக்கிடும்போது அந்தப் பாரம் வெளியே போய்விடும். 2017-க்கு 40% வரை ஏறும் என்று பயந்த பிரீமியம் 7% அளவில் நின்றது. 2017 ஜூலையில் மத்திய அரசும் இதற்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. 2018-இல் பிரீமியம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஒபாமாகேர் சட்டத்துக்குள்ளேயே இருந்த ஒரு பிரிவைப் பயன்படுத்தித்தான் இதைச் செய்ய முடிந்தது.

2017 பிப்ரவரி முதல் ஜூலை வரை: கவனித்ததும் மறுத்ததும்

பிப்ரவரியில் ஜூனோ நகரில் அலாஸ்கா சட்டமன்றத்தில் பேசிய செனட்டர், சட்டமன்றம் மெடிக்கெய்ட் விரிவாக்கத்தை வைத்துக்கொள்ள விரும்பினால் அதை நீக்க வாக்களிக்க மாட்டேன் என்று சொன்னார். முடிவை மாநிலத்திடம் விட்டார். எரிசக்தியில் "காங்கிரஸா, அதிகாரியா" என்று கேட்டவர், காப்பீட்டில் "வாஷிங்டனா, மாநிலமா" என்று கேட்டார். இரண்டிலும் அவருடைய அடிப்படைக் கேள்வி யார் தீர்மானிப்பது என்பதே.

மே 4 அன்று கீழவை, ஒபாமாகேரை மாற்றும் தன் மசோதாவை 217-213 என்று நிறைவேற்றியது. அதில் மானியம் வயதைப் பொறுத்து ஆண்டுக்கு 2,000 முதல் 4,000 டாலர். ஊரின் பிரீமியம் என்ன என்று பார்க்காது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் பிரீமியம் உள்ள அலாஸ்காவுக்கு இது கட்டுப்படியாகாது என்பது ஒரு கணக்கில் தெரிந்துவிடும். செனட்டின் மாற்று மசோதாவால் 2026-க்குள் 2.2 கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடில்லாமல் போவார்கள் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது.

ஜூலை 25-இல் விவாதத்தைத் தொடங்குவதற்கான வாக்கெடுப்பிலேயே அவர் "இல்லை" என்றார். துணை அதிபரின் வாக்கால் 51-50 என்று அது தப்பியது. மறுநாள் அதிபர் அவரைப் பெயர் சொல்லிப் பொதுவில் சாடினார். அன்று உள்துறைச் செயலர் அலாஸ்காவின் இரண்டு செனட்டர்களுக்கும் போன் செய்தார். (இந்த உள்துறை நம் உள்துறை அமைச்சகம் போலப் போலீஸைப் பார்ப்பதல்ல. கூட்டாட்சி அரசின் நிலம், கனிமம், காட்டுயிர் எல்லாம் அதன் கையில்.) அலாஸ்காவுக்கான எண்ணெய், நிலத் திட்டங்கள் பாதிக்கப்படலாம் என்ற சேதியைக் கவலையோடு வெளியே சொன்னவர் இளைய செனட்டர்.

எரிசக்தி ஒழுங்குமுறையும் காப்பீட்டுக் கொள்கையும் முதலில் ஒன்றோடொன்று கட்டப்பட்டது அந்த போனில்தான். ஆனால் அந்தத் துறையின் நியமனங்களை விசாரிக்கும் குழுவுக்கும், அதன் செலவினத்தை ஒதுக்கும் துணைக்குழுவுக்கும் அப்போது தலைவர் இந்த செனட்டரே. துறையின் நியமனங்கள் மீதான குழுக் கூட்டம் உடனே தள்ளிப்போடப்பட்டது. காப்பீட்டு வாக்கெடுப்பு நேரம் தெரியாததால் தள்ளினோம் என்பதே தரப்பட்ட விளக்கம். துறையின் தலைமை ஆய்வாளர் அந்த போனைப் பற்றி விசாரிக்க முயன்றார். இரண்டு செனட்டர்களும் வாக்குமூலம் தர விரும்பாததால் கைவிட்டார்.

ஜூலை 28 அதிகாலையில் வந்தது சுருக்கப்பட்ட மசோதா. அதன் மையமே கட்டாயக் காப்பீட்டு அபராதத்தை நீக்குவதுதான். மதிப்பீடு: 1.6 கோடிப் பேர் காப்பீடு இழப்பர். அவர் எதிர்த்தார். விசாரணை இல்லை, குழுவில் திருத்தம் இல்லை, மற்ற கட்சியோடு பேச்சு இல்லை, முறையான வழியில் வரட்டும் என்பது அவர் சொன்ன காரணம். அந்த அளவுகோல் சரியானது. டிசம்பரில் அதையே அவருக்கு வைத்துப் பார்க்க வேண்டும்.

செப்டம்பரில் இன்னொரு முயற்சி, அலாஸ்காவுக்குச் சிறப்புச் சலுகைகளோடு வந்தது. வாக்கெடுப்புக்கே வராமல் போனது.

2017 அக்டோபர் முதல் டிசம்பர் வரை: சம்மதித்த வாக்கு

அக்டோபரில் நிறைவேறிய பட்ஜெட் தீர்மானம், எரிசக்திக் குழு பத்தாண்டில் குறைந்தது 100 கோடி டாலர் திரட்ட வேண்டும் என்றது. ஆர்க்டிக் எண்ணெய்க்கு வழி திறந்தது இந்த வரிதான். பட்ஜெட் வழியில் வரும் மசோதாவுக்கு 60 வாக்கு தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். செனட்டர் முறைப்படி போனார். நவம்பர் 2-இல் விசாரணை நடத்தினார். நவம்பர் 15-இல் குழு 13-10 என்று ஏற்றது, எதிர்க்கட்சியிலிருந்து ஒருவரும் சேர்ந்தார். நான்கு ஆண்டுக்குள் ஒன்று, ஏழு ஆண்டுக்குள் இன்னொன்று என்று இரண்டு குத்தகை ஏலங்கள், ஒவ்வொன்றும் குறைந்தது 4 லட்சம் ஏக்கர். கட்டுமானம் 2,000 ஏக்கருக்கு மேல் போகக் கூடாது. வருமானம் மாநிலத்துக்குப் பாதி, மத்திய அரசுக்குப் பாதி.

குழு ஏற்றதற்கு முந்தைய நாள், நவம்பர் 14-இல், நிதிக் குழு, வரி மசோதாவுக்குள் கட்டாயக் காப்பீட்டு அபராத நீக்கத்தைச் சேர்த்தது. அதனால் பத்தாண்டில் 33,800 கோடி டாலர் மிச்சம் என்பது கணக்கு, ஏனென்றால் காப்பீடு வாங்குவோர் குறைந்தால் மானியச் செலவும் குறையும். 2027-க்குள் 1.3 கோடிப் பேர் காப்பீடின்றி இருப்பர், தனிச் சந்தையில் பிரீமியம் சுமார் 10% ஏறும் என்றும் காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் சொன்னது.

நவம்பர் 21 அன்று ஃபேர்பேங்க்ஸ் நாளிதழில் எழுதிய கட்டுரையில் செனட்டர் அபராத நீக்கத்தை ஆதரித்தார். வேண்டாத ஒன்றை வாங்கு, இல்லாவிட்டால் வரி கட்டு என்று மத்திய அரசு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது வாதம். 2009-இலிருந்தே இது அவர் கருத்து, புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. கூடவே, குறைந்த வருமானக்காரர் சிகிச்சையின்போது கையிலிருந்து கட்டும் பங்கைக் குறைக்க அரசு காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தரும் செலவுப் பங்கீட்டுத் தொகையை இரண்டு ஆண்டுக்கு உறுதிசெய்யும் இருகட்சி மசோதா நிறைவேற வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அந்தத் தொகையை அதிபர் அக்டோபரில் நிறுத்தியிருந்தார்.

அபராத நீக்கமும் எண்ணெய்ப் பகுதியும் ஒன்றாகக் கட்டப்பட்ட வரி மசோதா செனட்டில் நிறைவேறியது: டிசம்பர் 2-இல் 51-49, டிசம்பர் 20-இல் 51-48. இரண்டிலும் அவர் "ஆம்". 22-ஆம் தேதி சட்டமானது. கீழவையில் இன்னும் வாக்கெடுப்புக்கே வராத, செலவுப் பங்கீட்டுத் தொகைக்கான அந்தத் துணை மசோதாவை நம்பிப் போடப்பட்ட வாக்கு அது.

ஜூலையில் அவர் கேட்ட முறையான வழி, எண்ணெய்ப் பகுதிக்குக் கிடைத்தது. காப்பீட்டுப் பகுதிக்குக் கிடைக்கவில்லை. காப்பீட்டு விதியை மாற்றும் ஒன்று, சுகாதாரக் குழுவில் ஒரு விசாரணைகூட இல்லாமல் வரி மசோதாவில் செருகப்பட்டது. அவர் கருத்து மாறவில்லை என்பதை நான் ஏற்கிறேன். அவர் வைத்த அளவுகோல் ஒரு பாதிக்கு மட்டும் பயன்படுத்தப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுக் கோரிக்கை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது மற்ற பாதியைக் கறாராகப் பார்ப்பது கடினம். அது புரிகிறது, ஆனால் விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

பின்னால் நடந்தவை

துணை மசோதா வரவே இல்லை. 2018 மார்ச்சில் செலவின மசோதாவிலிருந்து கடைசியில் விடுபட்டது. அபராதம் 2019 ஜனவரியிலிருந்து பூஜ்யம்.

காப்பீட்டுச் சந்தை, பயந்த அளவுக்கு நொறுங்கவில்லை. அலாஸ்காவைத் தாங்கிப் பிடித்ததில் மறுகாப்பீட்டு நிதிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் யாரும் பெரிதாகப் பேசாத இடத்தில் ஆபத்து முளைத்தது. அபராதம் பூஜ்யமானால் அது வரியே அல்ல, வரி அல்லாவிட்டால் கட்டாயம் செல்லாது, கட்டாயம் செல்லாவிட்டால் முழுச் சட்டமும் செல்லாது என்று 2018-இல் டெக்சஸ் தலைமையில் மாநிலங்கள் வழக்குப் போட்டன. 2018 டிசம்பரில் ஃபோர்ட் வொர்த் நீதிபதி அதை ஏற்று ஒபாமாகேர் முழுவதும் செல்லாது என்றார். 2021 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம், வழக்குப் போட இவர்களுக்கு உரிமையில்லை என்று 7-2 என்று தள்ளுபடி செய்யும் வரை, ஜூலை வாக்கு காப்பாற்றியது அனைத்தும், மெடிக்கெய்ட் விரிவாக்கம் உட்பட, டிசம்பர் வாக்கால் தொங்கலில் நின்றது.

எண்ணெய்ப் பக்கம்? மத்திய அரசின் பங்காக மட்டும் பத்தாண்டில் 110 கோடி டாலர் என்று மதிப்பிட்டிருந்தார்கள். முதல் ஏலம் 2021 ஜனவரி 6 அன்று நடந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான கேபிடல் கட்டடத்தில் கலவரம் நடந்த அதே நாள் என்பதால் செய்தி அமுங்கிப்போனது. வந்த மொத்தத் தொகை 1.44 கோடி டாலர். பெரிய எண்ணெய் நிறுவனம் ஒன்றுகூட வரவில்லை. பெரும்பாலான நிலத்தைக் கேட்டது அலாஸ்கா அரசின் சொந்த முகமை, அதாவது மாநிலமே தன் பணத்தைப் போட்டது. அடுத்த அதிபர் குத்தகைகளை நிறுத்திவைத்தார், இரண்டு சிறு நிறுவனங்கள் விலகின, 2023 செப்டம்பரில் மீதியும் ரத்தாகின. அந்த ரத்து சட்டவிரோதம் என்று 2025-இல் நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இரண்டாம் ஏலத்துக்கு ஒரு விண்ணப்பமும் வரவில்லை.

2025 ஜூலை 1 அன்று இதே வடிவம் திரும்பியது. மெடிக்கெய்ட் செலவைப் பெரிதாக வெட்டி, ஆர்க்டிக் சமவெளியில் மேலும் நான்கு ஏலங்களைக் கட்டாயமாக்கிய மசோதா. அலாஸ்காவுக்குச் சில விலக்குகளும், கிராமப்புற மருத்துவத்துக்கு நாடு முழுதும் 5,000 கோடி டாலர் நிதியும் உண்டு. செனட்டர் ஆதரித்தார், துணை அதிபர் வாக்கோடு 51-50. கீழவை இதைத் திருத்தும் என்று நம்புவதாக வெளிப்படையாகச் சொன்னார். கீழவை ஒரு எழுத்தும் மாற்றாமல் நிறைவேற்றியது.

என்ன மாறியிருக்க வேண்டும்

முதலாவது, வரிசை. துணை மசோதா முதலில், முக்கிய மசோதா பிறகு. 51 வாக்கு தேவைப்படும் இடத்தில் ஒரு வாக்கைக் கையில் வைத்திருப்பவரின் பலம் வாக்களிக்கும் வரைதான். செனட்டில் கட்சித் தலைமை தரும் உறுதிமொழி இன்னொரு அவையைக் கட்டுப்படுத்தாது. 2017-இல் இது நடந்தும் 2025-இல் மறுபடி கீழவையை நம்பியதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

வருமான மதிப்பீட்டையும் வேறு மாதிரி பார்த்திருக்க வேண்டும். குத்தகைக்கு யார் வருவார்கள் என்பது எண்ணெய் விலை, வழக்கு, அடுத்த அதிபர், வங்கிகளின் தயக்கம் என்று பலவற்றைப் பொறுத்தது. காப்பீட்டு இழப்பு குறிப்பிட்ட தேதியில் நடப்புக்கு வரும், எண்ணெய் வருமானம் வந்தால்தான் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கும்போது இந்த வேறுபாட்டைக் கழித்துத்தான் எடை போட வேண்டும்.

அபராதத்தைப் பூஜ்யமாக்கி, விதியைப் புத்தகத்தில் அப்படியே விட்டதற்குச் சட்ட விளைவு என்ன என்று சுகாதாரக் குழுவில் ஒரு விசாரணை நடத்தியிருந்தாலே டெக்சஸ் வாதம் மேசைக்கு வந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது ஒரே ஒரு வரி போதும்: இந்தப் பிரிவு போனாலும் மற்றவை நிற்கும் என்று. அந்த வரி எழுதப்படவில்லை.

குவிச்சின் மக்களின் எதிர்ப்பு நவம்பர் 2 விசாரணையில் பதிவானது, மசோதாவை மாற்றவில்லை. "மாநிலமே தீர்மானிக்கட்டும்" என்பவர், மாநிலத்துக்குள்ளேயே அதிகம் இழக்கக்கூடியவர்களுக்கு அந்தத் தீர்மானத்தில் என்ன இடம் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். 2025 சட்டத்தின் நான்கு ஏலங்களிலும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது.